கில்ட் கட்டுமுன் சில கேள்விகள்

சென்ற இதழில் ஸ்காட்லாந்தின் ஹைலண்டு விளையாட்டுகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கல், சம்மட்டி, இரும்பு எடை, கேபர் எனப்படும் நீண்ட மரத்தடி ஆகியவற்றைக் கில்ட் என்ற ஸ்காட்லாந்து ஆண்களின் பாவாடையை அணிந்து எறியும் 'ஹெவி' போட்டிகளைப் பற்றிய குறிப்பு அது. அந்த அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை "எப்படித் தொடங்குவது, என்ன இலக்கு வைப்பது" என்றே கேட்கின்றன. தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

யார் சொல்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். கல்லூரி நாட்களில் குண்டு எறிந்தேன். மாவட்டப் போட்டியைத் தாண்டியதில்லை. 1999-இல் வடகடல் எண்ணெய்க் கிணற்று வேலைக்காக அபெர்டீன் வந்தேன். 41 வயதில் முதன்முறையாகக் கில்ட் கட்டி மைதானத்தில் இறங்கினேன். இப்போது வயது 58. பரிசு வாங்கிய நாட்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். பயிற்சி செய்த நாட்களை எண்ண நான்கு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கேள்வி: என் வயது 34. மென்பொருள் வேலை. ஜிம்மில் 180 கிலோ டெட்லிஃப்ட் தூக்குகிறேன். அடுத்த ஆண்டு ப்ரேமர் மைதானத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வரவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறேன். எப்படித் திட்டமிடுவது?
– வாசகர், கிளாஸ்கோ

பதில்: தம்பி, ப்ரேமரைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைப்போம். செப்டம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் விழா அது. விக்டோரியா அரசி 1848-இல் வந்து பார்த்ததிலிருந்து அரச குடும்பம் வந்துபோகும் இடம். அங்கே நம்முன் நிற்பவர்கள் கோடை முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு எறிபவர்கள். சிறு வயதிலிருந்தே சம்மட்டியைச் சுழற்றியவர்கள். முதலில் ஒரு சிறிய ஊரைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய எல்லாச் சனி, ஞாயிறுகளிலும் ஸ்காட்லாந்தில் எங்காவது ஒரு மைதானத்தில் பேக்பைப் ஊதிக்கொண்டிருப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கென்று தனிப் போட்டி வைக்கும் ஊர்களும் உண்டு.

180 கிலோ நல்ல எண்தான். ஆனால் அதை வைத்து 56 பவுண்டு எடையிடம் சலுகை கேட்க முடியாது. 25 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு சங்கிலி, ஒரு வளையம். அதை ஒரே கையால் பிடித்து, இரண்டு முறை உடம்பைச் சுழற்றி, முன்னே இருக்கும் மரக்கட்டையைத் தாண்டாமல் விடவேண்டும். அந்தக் கட்டையை இங்கே 'ட்ரிக்' என்பார்கள். முதல் சுற்றில் எடை பின்தங்கி வரும். இரண்டாம் சுற்றில் அது உங்களை இழுக்கத் தொடங்கும். அந்த நொடியில் இடுப்பு முன்னே போய்விட்டால் எடை உங்களை எறிந்துவிடும். என்னை எறிந்திருக்கிறது. என் முதல் போட்டியில் 56 பவுண்டைப் பதினேழு அடி எறிந்தேன், நானும் அதன் பின்னாலேயே நாலடி போனேன். மூன்று முயற்சிகளில் இரண்டு ஃபவுல்.

ஆகவே முதல் ஆண்டுக்கு உங்களுக்கு நான் தரும் இலக்கு இதுதான்: எந்தப் போட்டியிலும் மூன்று எறிகளும் ஃபவுலாகிப் பூஜ்யம் வாங்கக்கூடாது. கேட்க அற்பமாக இருக்கும். என் முதல் இரண்டு ஆண்டுகளில் அது எனக்கு நிறைவேறவில்லை.

இரண்டாவது இலக்கை ஒரு கணக்கு மூலம் சொல்கிறேன். பல மைதானங்களில், குறிப்பாக அமெரிக்காவிலும் கனடாவிலும், முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று புள்ளி போடுவார்கள். எல்லாப் போட்டிகளையும் கூட்டி, குறைந்த புள்ளி பெற்றவர் வெல்வார். பத்துப் பேர், ஐந்து போட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கல்லிலும் சம்மட்டியிலும் முதலிடம், ஆனால் கேபரில் 9, எடையைக் கம்பிக்கு மேலே வீசும் உயர எறிதலில் 8, கனமான எடையில் 7. கூட்டினால் 26. இன்னொருவர் எதிலும் மூன்றுக்குள் வரவில்லை. 4, 4, 5, 4, 5. கூட்டினால் 22. இரண்டாமவர் முன்னே போய்விடுவார். ஒருமுறை அந்த 26 நான்தான். மாலையில் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது: நான் குளிர்காலம் முழுவதும், நன்றாக வரும் கல்லையே எறிந்து எறிந்து மகிழ்ந்திருக்கிறேன். வராததைத் தொட்டதேயில்லை.

அதனால் செப்டம்பரில் சீசன் முடிந்ததும் ஒரு தாளில் உங்கள் போட்டிகளை எழுதுங்கள். கடைசியாக வந்ததற்கு நேராகக் கோடு போடுங்கள். வரும் குளிர்காலத்தின் எறிதல் நாட்களில் பாதி அதற்கு.

மூன்றாவது, தூரம். "கல்லை 40 அடி எறிவேன்" என்று இலக்கு எழுதாதீர்கள். எந்தக் கல்? ஓட்டமின்றி நின்ற இடத்திலிருந்தே தள்ளும் ப்ரேமர் கல் 20 முதல் 26 பவுண்டு வரை இருக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஆற்றிலிருந்து எடுத்த அந்த ஊர்க் கல். ஓர் ஊரில் 32 அடி போன நான், அடுத்த வாரம் வேறோர் ஊரில் 27 அடி போட்டேன். கெட்டுப்போகவில்லை, கல் பெரியது. கேபரும் அப்படித்தான். ஊருக்கு ஊர் நீளமும் எடையும் வேறு. சம்மட்டியும் இரும்பு எடைகளும் மட்டும் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்களுக்கு 16, 22 பவுண்டு சம்மட்டி. 28, 56 பவுண்டு எடை. தூர இலக்கு வைத்தே ஆகவேண்டுமென்றால் இவற்றில் வையுங்கள். அதுவும் மழை பெய்யாத நாளில் அளந்த தூரத்திலிருந்து ஓர் அடி, இரண்டு அடி என்று.

என் நோட்டில் தூரத்துக்கு ஒரு சிறிய பத்திதான் உண்டு. பெரிய பத்தியில் எண்ணிக்கை இருக்கும். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "செவ்வாய். காற்று. 28 பவுண்டு, 12 எறி. இடது கால் ஊன்றி முடிந்தது 7. 56 பவுண்டு, ஒரு சுற்று மட்டும், 8 எறி. நிறுத்தினேன், கை வழுக்கியது." அந்த 7 தான் அன்றைய இலக்கின் மதிப்பெண். அடுத்த செவ்வாய் 8 ஆகவேண்டும். ஆறாக இறங்கினால் ஏன் என்று எழுதவேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் கையில் இருப்பது. ஆகஸ்டில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகும் ஆறரை அடி உழவர் உங்கள் கையில் இல்லை.

ஆண்டுத் திட்டம் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வது: அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜிம் மூன்று நாள், எறிதல் ஒரு நாள். ஸ்குவாட், பவர் கிளீன், தோளுக்கு மேல் தள்ளுவது, உங்கள் டெட்லிஃப்ட், இவ்வளவு போதும். ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டுக்கு இரண்டு. ஏப்ரலிலிருந்து எறிதல் மூன்று, ஜிம் இரண்டு, அதுவும் சுருக்கமாக. போட்டி வாரத்தில் புதன்கிழமைக்குப் பிறகு எதையும் தொடுவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கருவிக்கு மேல் எடுப்பதும் இல்லை. கடலில் வேலைக்குப் போகும் இரண்டு வாரங்களில் எறிய இடம் கிடையாது. அறைக்கு வெளியே உள்ள நடைபாதையில் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெறும் காலடி மட்டும் சுழன்று பழகுவேன். சக ஊழியர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள், இப்போது வழிவிட்டு நடக்கிறார்கள்.

கேள்வி: பள்ளியில் நெட்பால் விளையாடினேன், இப்போது 28 வயது. கனடாவில் பெண்களும் இதில் பங்கெடுப்பதைப் பார்த்தேன். பெண்களுக்கு எடைகள் என்ன? தனியாகத் தொடங்க முடியுமா? அம்மா "பாரம் தூக்கினால் உடம்பு கெட்டுவிடும்" என்கிறார்.
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: தங்கைக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. ஒன்ராறியோவின் மாக்ஸ்வில் ஊரில் 1948 முதல் கிளெங்காரி ஹைலண்டு விளையாட்டுகள் நடக்கின்றன. ஃபெர்கஸ் ஊரிலும் ஆகஸ்டில் ஸ்காட்டிஷ் விழா உண்டு. முதல் ஆண்டு பார்வையாளராகப் போங்கள். எறியும் பெண்களின் அருகே போய் நின்று, போட்டி முடிந்ததும் பேசுங்கள். இந்த விளையாட்டில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. உங்களைத் தோற்கடிக்கப்போகிறவரே உங்கள் காலடி தவறுவதைச் சொல்லித் திருத்துவார். தன் சம்மட்டியையும் இரவல் தருவார்.

பெண்களுக்கு 14, 28 பவுண்டு எடைகள். 12, 16 பவுண்டு சம்மட்டிகள். கம்பிக்கு மேலே தூக்கி எறிய 28 பவுண்டு. உங்கள் அப்பா, தாத்தா யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்றால் ஒன்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆண்கள் எறியும் 56 பவுண்டு என்பது பழைய அரை அந்தர். ஒரு அந்தர் 112 ராத்தல், அதாவது 112 பவுண்டு. அரிசிக் கடையில் தராசில் வைத்த அதே எடைக்கல்தான் இங்கே மைதானத்துக்கு வந்திருக்கிறது. இந்தத் தகவல் எனக்கும் அச்சுவேலியில் பிறந்த நண்பர் ஒருவர் சொல்லித் தெரிந்தது.

நெட்பால் விளையாடியவருக்கு ஒரு காலை ஊன்றித் திரும்புவது கைவந்த கலை. அது பாதி வேலை. ஆகவே 28-ஐப் பிறகு பார்க்கலாம். 14 பவுண்டு எடையில் தொடங்குங்கள். கருவி வாங்கச் செலவு செய்யாதீர்கள். ஜிம் எடைத் தட்டுகளை ஒரு குறுகிய இரும்புக் கம்பியில் கோத்து, அரையடிச் சங்கிலியும் கை நுழையும் வளையமும் மாட்டினால் பயிற்சிக்குப் போதும். மரையை இரண்டு முறை இறுக்குங்கள். நான் ஒருமுறை மட்டும் இறுக்கினேன். தட்டு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் போனது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஒரு காகம்தான் நின்றது. பொதுப் பூங்காவில் எறிவதென்றால் கால்பந்துத் திடலைத் தவிர்த்துவிடுங்கள். இரும்பு விழுந்த பள்ளங்களைக் காவலாளிகள் மன்னிப்பதில்லை.

உங்கள் இலக்கு: முதல் ஆறு மாதம் தூரத்தை அளக்கவே வேண்டாம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு இருபது எறி. கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து, எறியும்போது இரண்டு காலும் தரையில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அம்மாவிடம் டினி கற்களைப் பற்றிச் சொல்லுங்கள். டீ ஆற்றங்கரையில் பொட்டார்க் பாலத்தருகே இரும்பு வளையம் மாட்டிய இரண்டு கற்கள் கிடக்கின்றன. சேர்த்து 733 பவுண்டு. 1860-இல் டொனால்ட் டினி என்ற கல்தச்சர் மகன் அவற்றை இரு கையிலும் தூக்கிப் பாலத்தின் அகலத்துக்கு நடந்தார் என்பது வரலாறு. 1979-இல் ஜான் டாட் என்ற அமெரிக்கப் பெண் பட்டைகளின் உதவியுடன் அவற்றைத் தரையிலிருந்து தூக்கினார். 2018-இல் லீ ஹாலண்ட்-கீன் என்ற பெண் பட்டையும் இல்லாமல் வெறும் கையால் தூக்கினார். நான் இரண்டில் சிறியதை மட்டும் அசைத்திருக்கிறேன். தூக்கினேன் என்று சொல்லமாட்டேன்.

கேள்வி: இதெல்லாம் நம்மூர் இளவட்டக்கல் தானே? வெள்ளைக்காரன் செய்தால்தான் நமக்குப் பெருமையா?
– வாசகர், சிவகங்கை

பதில்: ஐயா, கோபம் நியாயம்தான். இளைஞன் ஆளாகிவிட்டானா என்று ஒரு கல்லைக் கொண்டு பார்ப்பது இங்கேயும் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அந்தக் கல்லுக்கு 'ஆண்பிள்ளையின் கல்' என்று பொருள்படும் பெயரே உண்டு. பெண் வீட்டார் நம்மூரில் பார்த்தார்கள், இங்கே குலத்தலைவர்கள் பார்த்தார்கள். வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே சங்கம் வைத்து, விதி எழுதி, ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கிறார்கள். இளவட்டக்கல்லை உங்கள் ஊர் இளைஞர்கள் மீண்டும் தூக்கத் தொடங்கினால் எடையையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நானும் வந்து தூக்கிப் பார்க்கிறேன். இடுப்பு ஒத்துழைத்தால்.

கேள்வி: நான் சுத்த சைவம். மாட்டிறைச்சி சாப்பிடாமல் இதில் முன்னேற முடியுமா?
– வாசகர், காவன்ட்ரி

பதில்: முடியும். பருப்பு, பால், தயிர், பனீர், சுண்டல். முன்பு சாப்பிட்டதைவிட அதிகம். போட்டி நாளில் நான் எடுத்துப்போவது எலுமிச்சைச் சோறும் இரண்டு வாழைப்பழமும்தான். சைவமாக இருப்பதால் தோற்றேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நான் மீன் சாப்பிடுபவன்.

கேள்வி: வயது 46. பத்தாண்டாக மேசை வேலை, அவ்வப்போது இடுப்பு வலி. இந்த வயதில் தொடங்கலாமா? மனைவி சம்மதிக்கவில்லை.
– வாசகர், லெஸ்டர்

பதில்: மனைவி சொல்வதில் பாதி உண்மை. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் மருத்துவர், பிறகுதான் மைதானம். இதில் தயக்கமே வேண்டாம்.

மருத்துவர் சரி என்றால், மூத்தோர் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதில் 56-க்குப் பதிலாக 42 பவுண்டு எடையும் பயன்படுகிறது. ஆனால் நம் வயதில் எடையைவிடப் பெரிய எதிரி முதல் எறி. காரில் இரண்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்து, இறங்கியதும் "சும்மா ஒன்று" என்று சம்மட்டியைச் சுழற்றுவார்கள். நானும் சுழற்றினேன். சம்மட்டிப் போட்டியில் காலை நகர்த்தக்கூடாது என்பது தெரியுமா? ஒலிம்பிக் போட்டியில் வீரர் வட்டத்துக்குள் சுழல்வார். இங்கே முதுகைக் காட்டி நின்று, காலணியின் முனையில் நீட்டிய இரும்புத் தகடுகளை மண்ணில் குத்தி ஊன்றிக்கொள்வார்கள். எஃகுக் கம்பிக்குப் பதில் விறைப்பான பிரம்புக் கம்பு. தலைக்கு மேல் மூன்று சுற்று, நாலாவதில் தோளுக்கு மேலாக விடுவது. கால் மண்ணில் பூட்டியிருக்க, மேலுடம்பு மட்டும் முறுக்கும். சூடேறாத இடுப்புக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஆறு வாரம் காலணி நாடாவைக் குனிந்து கட்டவில்லை. மகள் கட்டிவிட்டாள்.

ஆகவே உங்கள் முதல் ஆண்டு இலக்கில் எறியே வேண்டாம். எண்ணவேண்டியது வேறு: பயிற்சிக்கு முன் இருபது நிமிடம் உடம்பைச் சூடேற்றிய நாட்கள் எத்தனை? தவறாமல் முப்பது நாள் வந்ததும் இலேசான சம்மட்டியை எடுங்கள். மனைவியை ஒரு போட்டிக்கு அழைத்துப் போங்கள். என் மனைவி முதல் ஆண்டு காரைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் ஆண்டு அளவு நாடா பிடிக்கும் தொண்டராகிவிட்டார். எனக்கு மட்டும் அரை அங்குலம் குறைத்து அளக்கிறார் என்று சந்தேகம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. உயர எறிதலில் கம்பிக்கு முதுகைக் காட்டி நின்று, எடையைக் கால்களுக்கிடையே வீசித் தலைக்கு மேலே ஒரே கையால் விடுவீர்கள். விட்டதும் மேலே பார்க்காதீர்கள், முன்னே நடந்துவிடுங்கள். கம்பியைத் தாண்டியதா என்று பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதும் பயிற்சிதான். நான் ஒருமுறை நின்று பார்த்தேன். இரண்டடிப் பின்னால், தொப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஈரப் புல்லில் இரும்பு பாதி புதைந்திருந்தது. நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

கேள்வி: கல்லூரியில் குண்டு எறிதலில் பல்கலைக்கழகப் பதக்கம் வாங்கியவன். இந்த விளையாட்டுக்கு மாறினால் எனக்கு முன்னுரிமை இருக்குமா?
– வாசகர், எடின்பரோ

பதில்: கல்லில் இருக்கும். ஜெஃப் கேப்ஸ் என்ற இங்கிலாந்துக் குண்டு எறி வீரர் 1980-இல் 21.68 மீட்டர் எறிந்து பிரிட்டன் சாதனை படைத்தவர். போலீஸ்காரராக இருந்தவர். பிற்பாடு ஹைலண்டு விளையாட்டுகளில் உலகப் பட்டமும் வென்றார். ஓய்வு நேரத்தில் கிளி வளர்த்துப் பரிசு வாங்கியவரும் அவரே. பதக்கம் உங்களுக்குக் கல்லைக் கொடுத்துவிடும். ஆனால் முதல் பதிலில் சொன்ன 26 புள்ளிக் கதையை மறுபடி படியுங்கள். நாம் இருவரும் ஒரே நோயாளிகள்.

கேள்வி: இந்தக் கோடையில் ஐந்து மைதானங்களில் பதினைந்து முறை முயன்றேன். கேபர் ஒருமுறைகூடக் கவிழவில்லை. 'கவிழ்ப்பது' என்ற இலக்கையே விட்டுவிடலாமா?
– வாசகர், இன்வர்னஸ்

பதில்: கேபரைப் பார்க்காத வாசகர்களுக்காக ஒரு சொல். பெரும்பாலும் லார்ச் மரம். 16 முதல் 20 அடி. மெலிந்த முனை கீழே, பருத்த முனை மேலே. தூக்கிக்கொண்டு ஓடி, பருத்த முனை தரையில் மோதி, மெலிந்த முனை வானைச் சுற்றி அந்தப் பக்கம் விழவேண்டும். எவ்வளவு தூரம் என்பது கணக்கில் இல்லை, எவ்வளவு நேராக என்பதுதான். உங்களுக்கு நேர் எதிரே விழுந்தால் கடிகாரத்தில் 12 மணி. கொஞ்சம் விலகினால் 11, அல்லது 1. கவிழாமல் உங்கள் பக்கமே சாய்ந்தால் எத்தனை பாகை எழுந்தது என்று பார்ப்பார்கள். யாராலும் கவிழ்க்க முடியாத மரத்தை, யாராவது கவிழ்க்கும்வரை ஒரு துண்டு ரம்பத்தால் அறுத்துக் குறைப்பது பழைய வழக்கம். ஆகவே முதலில் நிம்மதியடையுங்கள். மனிதனைக் குறை சொல்லாமல் மரத்தை அறுத்த ஊர் இது.

இலக்கை விடவேண்டாம், உடையுங்கள். கவிழ்ப்பது ஒரு செயல் இல்லை, நான்கு செயல். ஆட்கள் மரத்தை நிமிர்த்தித் தருவார்கள். அதைத் தோளில் சாய்த்துக் குந்தி, கைகளைக் கீழே வழுக்கவிட்டு, விரல்களைக் கோத்து, அடிமுனைக்குக் கீழே கொடுத்து எழுவது ஒன்று. எழுந்ததும் மரம் ஆடாமல் நிற்பது இரண்டு. ஓடுவது மூன்று. சட்டென்று நின்று, மேல் முனை முன்னே சாயும் நேரம் பார்த்துக் கைகளை மேலே இழுப்பது நான்கு. பதினைந்து முயற்சியில் எங்கே போனது என்று எழுதிவைத்தீர்களா? எழுதவில்லை என்றால் என் ஊகத்தைச் சொல்கிறேன், இரண்டில் போயிருக்கும். மரம் ஆடும்போதே பயந்து ஓடத் தொடங்குகிறோம். ஓட்டம் மரத்தைத் துரத்துவதாகிவிடுகிறது. துரத்துபவரால் இழுக்க முடியாது.

நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் துரத்தினேன். மூன்றாம் குளிர்காலம் ஒரு பண்ணையில் பதினொரு அடி வேலிக்கம்பம் ஒன்றைக் கேட்டு வாங்கி, கொட்டகைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தூக்கினேன், நின்றேன், இறக்கினேன். ஓடவேயில்லை. அன்றைய இலக்கு "ஐந்து மூச்சு". மரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை மூச்சு விடவேண்டும். முதல் மாதம் இரண்டு மூச்சுகூட வரவில்லை. கன்னம் பட்டையில் உரசி உரசிச் சிவந்தது. அலுவலகத்தில் ஒருவர், வீட்டில் ஏதும் சண்டையா என்று கவலையோடு கேட்டார். பிப்ரவரி முடிவில் பத்து முறை தூக்கினால் எட்டு முறை ஐந்து மூச்சு வந்தது.

அந்த ஜூலையில் டீ ஆற்றங்கரைப் பகுதியான டீசைடில் ஒரு சின்ன ஊர். தூறல். அதோடு மிட்ஜ் என்ற பொடிக்கொசு. கை இரண்டும் மரத்துக்கு அடியில் இருக்கும்போது அது இமையில் உட்காரும், தட்டிவிட முடியாது. முதல் முயற்சியில் மரம் வலப்பக்கம் சரிந்தது. இரண்டாவதில் தூக்கவே விரல் வழுக்கியது. மூன்றாவதில் எழுந்து நின்றதும் மரம் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆடியது. மூச்சை எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. பின்னால் நின்ற நடுவர் பொறுமையிழந்து இருமுவது கேட்டது. நாலாவது மூச்சில் மரம் கழுத்தோரம் அடங்கி, எடையே இல்லாததுபோல் ஆனது. பிறகு ஏழெட்டு அடி ஓடினேன், நின்றேன், இழுத்தேன். மேல்முனை தரையில் மோதிய அதிர்ச்சி பாதங்களுக்கு வந்தது. மரம் செங்குத்தாக நின்றது. எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் போனது.

நோட்டில் அன்றைய பக்கம் இப்படி இருக்கிறது: "கேபர், மூன்றாம் முயற்சி, பத்தரை மணி. நாலு மூச்சு. ஒன்பது பேரில் ஆறாவது." அதற்குக் கீழே பென்சிலில் என் மனைவியின் கையெழுத்து: "பாவாடை முழுக்கப் பிசின். மண்ணெண்ணெய் வாங்கவும்."